இறந்தோர் பட்டியலில் நாலாவது பெயர்

அத்தியாயம் 17

கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் சந்தியாகு பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தார். சவரிமுத்து என்றார். அது இன்னாசியம்மாளின் மாமனார். மரியாயி என்றார். அது மாமியார். குழந்தை ஞானராசு என்றார். பிறந்து பதினோராம் மாதம் காய்ச்சலில் போன அவளுடைய தலைச்சன் பிள்ளை அது. மூன்று பெயருக்கும் இன்னாசியம்மாள் முறைப்படி சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாலாவதாக உபதேசியார் "அருளானந்து" என்றார்.

அது அவள் புருஷனின் பெயர்.

வழக்கமாக நவம்பர் இரண்டாம் தேதிதான் கல்லறைத் திருநாள். இந்த வருஷம் அன்றைக்கே தீபாவளியும் வந்துவிட்டது. வெடிச் சத்தத்தில் ஆத்துமாக்களின் பெயர் ஆண்டவருக்கே கேட்காது என்று சாமியார் பெயர் வாசிப்பை ஒரு வாரம் தள்ளி, ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார். அதனால் அன்று தோட்டம் அமைதியாக இருந்தது. நாலாவது பெயர் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது.

முன்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். மகள் செசிலி அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். இன்னாசியம்மாள் கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். மெழுகு விரலில் வழிந்து உறைந்திருந்தது. சுட்டிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இவள் கதை தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

கொத்தமங்கலத்துச் செட்டியார் வீட்டு ஆச்சியின் குடும்பத்துக்குச் சைகோனில் ஜவுளிக்கடை இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைக்கு வண்டி ஓட்டப் போனவர் அருளானந்து. சம்பளத்தில் மாதம் எண்பது ரூபாய் ஆச்சி வீட்டிலிருந்து இன்னாசியம்மாள் கைக்கு வரும். மிச்சம் கடைக் கணக்கிலேயே நிற்கும். ஆள் ஊர் திரும்பிக் கணக்கை முடித்தால்தான் அது மொத்தமாகக் கிடைக்கும். அந்த வீட்டு வழக்கம் அப்படி.

போன ஏப்ரல் கடைசியில் வியட்நாம் சண்டையில் சைகோன் விழுந்தது. எங்கோ கடலுக்கு அப்பால் யாரோ யாரையோ ஜெயித்ததற்கு, காரைக்குடிப் பக்கம் ஓட்டு ஒழுகுகிற ஒரு வீட்டில் எண்பது ரூபாய் நின்றது. கடிதமும் நின்றது. கடையே போய்விட்டது, சம்பளத்துக்கு எங்கே போவது என்றார்கள் ஆச்சி வீட்டில். மிச்சப் பணம்? ஆள் வரட்டும் என்றார்கள். ஆள் வரவில்லை.

இன்னாசியம்மாள் பெரிய வீடுகளுக்கு மாவு இடித்துக் கொடுத்து அடுப்பு எரிய வைத்தாள். போன வாரம் செசிலிக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. பதினைந்தாம் தேதிக்குள் முந்நூற்றைம்பது ரூபாய் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. வீட்டில் நாற்பத்திரண்டு ரூபாய் இருந்தது.

இந்த ஆறு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட அழவில்லை. அழுகை வரும் வரும் என்று முதலில் அவளே காத்திருந்தாள். அப்புறம் அதையும் மறந்துவிட்டாள். மரத்துப்போன கால் தன்னுடையதுதானா என்று கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி எப்போதாவது அவர் முகத்தை நினைத்துப் பார்ப்பாள். முகம் வரும். வேறு ஒன்றும் வராது.

கூட்டம் கலைந்ததும் உபதேசியாரைக் கல்லறை வாசலில் பிடித்தாள்.

"என்னங்க இப்படி வாசிச்சுப்புட்டீக?"

சந்தியாகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் தாயி? பேரு எதுவும் விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல. கூடிப்போச்சு. அவுக எப்பச் செத்தாக?"

மனிதர் கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டார். பட்டியலை விரித்தார். முத்து முத்தான கையெழுத்தில் நாலு பெயரும் வரிசையாக இருந்தன.

"பேருக்கு நாலணான்னு நாலு நாலணாக் குடுத்தியே. நான் நாலு பேருன்னுதான்..."

"மூணு செத்தவுகளுக்கு. நாலாவது, நல்லபடியா வந்து சேரணும்னு ஒரு பூசைக்கு."

"நீ என்ன சொன்னே? 'எங்க வீட்டுல அவுகளுக்கும் ஒண்ணு'ன்னே. பேரைச் சொல்லுன்னேன். சொல்ல மாட்டேன்னுட்டே. நானாத்தான் யோசிச்சு எழுதுனேன்."

அது உண்மைதான். புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. பெயர் கொடுத்த அன்று உபதேசியார் மேசையைச் சுற்றி நாற்பது பெண்கள். ஆளாளுக்கு ஒரு செத்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் உயிரோடு இருக்கிறவர் ஒருவரும் உள்ளே போய்விட்டார். யார்மேல் குற்றம் சொல்வது?

"நல்லதுக்குன்னு கேட்ட பூசை இப்படிப் போயிருச்சே. அது வீணாப்போகுமா?" என்று கேட்டாள் இன்னாசியம்மாள்.

"வீணாப்போகாது தாயி. கவர்ல விலாசத்த நான் தப்பா எழுதியிருக்கலாம். வாங்குறவருக்கு ஆளைத் தெரியும்." உபதேசியாரின் குரல் இறங்கிவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை பூசையில எந்திரிச்சு நின்னு தப்புன்னு சொல்லிருறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு நாள் இருக்கிறது. அதுவரை ஊர் வாயை மூட உலைமூடிக்கு எங்கே போவது?

அம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்து அரைமணி ஆகியிருக்காது. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பொன்னுத்தாயி ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோறும், இன்னொன்றில் ரசமும் கொண்டுவந்து வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஏத்தா இன்னாசி, என்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லாம..." என்று தொடங்கியவள் மூக்கை உறிஞ்சினாள். குழம்பு வாசனை. இழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் பொது. அடுப்பு எரிவது போதாதென்று கருவாடு வேறு. பொன்னுத்தாயி சட்டியை இறக்கி வைப்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் நின்றாள்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல சின்னம்மா. பேரைத் தப்பா வாசிச்சுட்டாக" என்றாள் செசிலி.

"நெசமாவா?"

"தெரியல" என்றாள் இன்னாசியம்மாள்.

மகள் சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள். இன்னாசியம்மாளுக்கே அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. தப்பாக வாசித்தது நிஜம். ஒன்றுமில்லை என்பது நிஜமா? அது அவளுக்கு எப்படித் தெரியும்?

பத்து மணிக்குள் ஏழெட்டுப் பேர் வந்து போனார்கள். ஒரு கிழவி வாசலிலிருந்தே ஒப்பாரியை எடுத்துக்கொண்டு வந்தாள். செசிலி ஓடிப்போய் நிறுத்தினாள். வந்தவர்கள் எல்லாரும் இன்னாசியம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். அதில் துக்கமும் இல்லை, துக்கம் இல்லை என்கிற தெம்பும் இல்லை. அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குத் துக்கம் வேண்டும்.

பதினோரு மணிக்குத் தம்பி வேதமுத்து சைக்கிளில் வந்து இறங்கினான். கோட்டையூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் உலகத்தை நடத்துகிறவன். தமிழ்ப் பேப்பர் இரண்டு, இரவில் சிலோன் ரேடியோ. இவ்வளவும் சேர்ந்து அவனுக்குத் தெரியாத நாடு கிடையாது. சைகோன் விழாது, அமெரிக்காக்காரன் விடமாட்டான் என்று ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி வரை அடித்துச் சொன்னவன் அவன்தான். முப்பதாம் தேதி விழுந்ததும், நான் அப்பவே நினைச்சேன் என்றான்.

அவனை நம்பித்தான் அருளானந்துவும் கப்பலேறினார். சண்டை நடக்கிற ஊருக்கா போகிறது என்று இன்னாசியம்மாள் கேட்டபோது, சண்டை நடக்கிற ஊரில்தான் துணி விற்கும் அக்கா என்று விளக்கம் சொன்னவன் அவன். சும்மா சொல்லக் கூடாது, துணி விற்கத்தான் செய்தது.

"கோட்டையூர் வரைக்கும் வந்துருச்சுக்கா சேதி" என்றான். "பால்காரன் சொல்றான், மச்சான் போயிட்டாராமேன்னு. எனக்குக் கை காலு ஓடல."

செசிலி விஷயத்தைச் சொன்னாள். அவன் நீளமாக மூச்சு விட்டான். உடனே பழைய வேதமுத்து ஆகிவிட்டான்.

"அப்பவே நெனச்சேன். மச்சான் அங்குட்டு நல்லாத்தான் இருப்பாரு. இந்தியாக்காரங்கள ஜெயிச்சவங்க ஒண்ணும் பண்ணலையாம். பாங்காக் வழியா கொஞ்சப் பேரு வந்துக்கிட்டே இருக்காங்க. நம்ம பேப்பர்ல எங்க வருது? எமர்ஜென்சி வந்ததுல இருந்து பேப்பர்ல என்னத்த இருக்கு, மழையும் கோலப் போட்டியும்தான்."

"எப்ப வருவாரு மாமா?" என்று கேட்டாள் செசிலி.

வேதமுத்து விரலை மடக்கினான். அமெரிக்கா, ருஷ்யா, சீனா என்று ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு போய், பிப்ரவரி என்று முடித்தான். இன்னாசியம்மாள் தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தாள். இந்தத் தம்பியின் மேல் கோபப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆறு மாதமாகத் தெரியும். கோபம் வந்தால்தானே.

மூன்று மணிக்குக் கொத்தமங்கலத்திலிருந்து குதிரைவண்டி வந்து வாசலில் நின்றது. ஆச்சி வீட்டுக் கணக்கப்பிள்ளை தண்டாயுதபாணி இறங்கினார். அறுபது வயது. நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை. அவர் இந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை. இதுவரை எல்லாவற்றுக்கும் இன்னாசியம்மாள்தான் அங்கே போவாள்.

செருப்பை வாசலிலேயே விட்டு உள்ளே வந்து, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

"கோட்டையூருக்குப் போன ஆளு சொன்னாரு. கோயில்ல பேரு வாசிச்சாகன்னு. ஆச்சி ஒடனே போயிட்டு வாங்கன்னுட்டாக. ஆளே போன பெறகு நம்ம வீட்டுல பணத்த வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாக."

பையிலிருந்து நோட்டுக் கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார். மேலே ஒரு காகிதம் வைத்தார். அதில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்தது. "ரெண்டாயிரத்து எழுநூத்து அறுபது. நின்ன சம்பளம் முழுக்க. இதுல ஒரு கைநாட்டு வச்சாப் போதும் தாயி."

செசிலி காகிதத்தை எடுத்தாள். வாசித்தாள். "காலஞ்சென்ற அருளானந்து மனைவி இன்னாசியம்மாள் பெற்றுக்கொண்டது..." அத்தோடு நிறுத்தி, காகிதத்தைப் பணத்தின் மேலேயே வைத்துவிட்டாள்.

வேதமுத்து அக்காவை அடுப்படிக்கு அழைத்துப் போனான். கிசுகிசுப்பாகப் பேசினான்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. ஒண்ணும் பேசாத. வை கைநாட்டை."

"உசுரோட இருக்கவுகளுக்கா?"

"மச்சான் வந்தா சந்தோசமாத் திருப்பிக் குடுப்போம். இது யாரு பணம்? அவரு வேர்வை. ஆளு வந்தாக் குடுப்பாங்க, செத்தாக் குடுப்பாங்க. வராமயும் சாகாமயும் இருந்தா மட்டும் குடுக்க மாட்டாங்களாம். இது என்னக்கா ஞாயம்? பதினஞ்சாம் தேதி பணத்துக்கு எங்க போவே?"

அவன் உலகத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் பொய்த்திருக்கிறது. இது மட்டும் சரியாக இருந்தது. அதுதான் சங்கடம்.

இன்னாசியம்மாள் திரும்பி வந்து பணத்தின் எதிரே உட்கார்ந்தாள். முந்நூற்றைம்பது கட்டினால் மிச்சம் இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து. ஓடு மாற்றலாம். செசிலிக்கு இரண்டு வெள்ளைச் சேலை. அடுத்த மழைக்கு முன்னால் கிழக்குச் சுவரை... சட்டென்று நிறுத்திக்கொண்டாள். புருஷன் செத்த பணத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆறு மாதத்தில் அவளுக்குள் அசைந்த முதல் உணர்ச்சி அதுதான்.

அவள் பக்தி பெரிய பக்தி ஒன்றும் இல்லை. ராத்திரி ஜெபமாலையில் பாதி நாள் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போதே தூங்கிவிடுவாள். செசிலிதான் மிச்சத்தைச் சொல்லி முடிப்பாள். வேதாகமத்தில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. பத்துக் கட்டளை தெரியும். அதில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது மற்றவர்களுக்கு எதிராகத்தான் என்று இதுவரை நினைத்திருந்தாள். சொந்தப் புருஷனுக்கு எதிராகவும் சொல்ல முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

காலையில் ஒருவர் தெரியாமல் சொன்னார். ஆண்டவர் அதைத் தள்ளிவிடுவார். சாயங்காலம் பெண்டாட்டியே கைநாட்டு வைத்துக் கொடுத்தால்? சரி, அவளே சொல்லிவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டால்?

கணக்கப்பிள்ளை மைக்கூட்டைத் திறந்து வைத்தார். இன்னாசியம்மாள் மகளைப் பார்த்தாள். அந்தப் பெண் நர்ஸாக வேண்டும் என்று பத்து வயதிலிருந்து ஆசைப்படுகிறாள்.

"எனக்காக வைக்காதம்மா" என்றாள் செசிலி. "ஒனக்காத் தோணுனா வை."

வேதமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

இன்னாசியம்மாள் கட்டைவிரலைப் பார்த்தாள். அதில் காலையில் உறைந்த மெழுகு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தாள். பிறகு நோட்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் பைக்குள் திருப்பி வைத்தாள். வருத்தமாக இல்லை. மாவு அளந்து போடுகிற மாதிரிதான் இருந்தது.

"கணக்கப்பிள்ளை ஐயா, ஒங்களுக்கு அலைச்சல் குடுத்துட்டோம். உபதேசியாரு தவறுதலா வாசிச்சுட்டாரு. எங்க வீட்டுல அவுக செத்துட்டாகன்னு நாங்க யாருக்கும் சொல்லல. எங்களுக்கு ஒரு சேதியும் வரல. ஆச்சிகிட்ட நான் கும்பிட்டதாச் சொல்லுங்க. அவுக வந்து வாங்கிக்கிருவாக."

தண்டாயுதபாணி பையை வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. இன்னாசியம்மாளின் முகத்தையே பார்த்தார்.

"தவறுதலாவா வாசிச்சாக?"

"ஆமா."

"அப்ப ஒங்களுக்குக் கடுதாசி வரலையா?"

"எந்தக் கடுதாசி?"

கணக்கப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். சொல்லிவிட்ட வார்த்தையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தார்.

"எந்தக் கடுதாசிங்க?" என்று இன்னாசியம்மாள் மறுபடி கேட்டாள்.

"கூட வேலை பார்த்த ஆளு ஒருத்தரு பாங்காக்குல இருந்து எழுதுனது. அருளானந்து சம்பந்தமாத்தான். அதே மாதிரி ஒங்களுக்கும் இப்ப ஒண்ணு வந்திருக்கும், அதான் கோயில்ல பேரு குடுத்துட்டீகன்னு ஆச்சி நெனச்சுட்டாக. நானும் அப்படித்தான்..."

"என்ன எழுதியிருக்கு?"

"சத்தியமா எனக்குத் தெரியாது தாயி. ஆச்சி படிச்சாக. படிச்சுட்டு இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாக. யாருக்கும் காட்டல."

"எப்ப வந்துச்சு?"

"ஆடி மாசம்."

இன்னாசியம்மாள் வாய்க்குள் எண்ணினாள். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. ஆடிக்கு அப்புறம் நாலு தடவை அந்த வீட்டு முற்றத்தில் போய் நின்றிருக்கிறாள். ஏதாவது சேதி உண்டா ஆச்சி என்று கேட்டிருக்கிறாள். நாலு தடவையும் ஆச்சி அவளை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, வரும் வரும் என்று சொல்லி அனுப்பினாள். ஒரு தடவை அவள் தோளைக்கூடத் தட்டிக்கொடுத்தாள்.

வேதமுத்துவைப் பார்த்தாள். அமெரிக்காவும் ருஷ்யாவும் தெரிந்த அவன் சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குள் ஏதோ இறுகியது. அழுகையா என்று பார்த்தாள். அழுகை இல்லை. கோபம். ஆறு மாதமாக எங்கே போயிருந்ததோ, இப்போது கைகால் எல்லாம் பரவிச் சூடாக வந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"செசிலி, கதவைச் சாத்திட்டு வா. நாமளும் இந்த வண்டியிலேயே போறோம்."

"இன்னைக்கு வேணாம் தாயி" என்றார் தண்டாயுதபாணி. அவர் குரல் கெஞ்சியது. "ஆச்சி பேரனுக்கு இன்னைக்குச் சாயங்காலம் கல்யாணம் பேசி முடிக்க வந்திருக்காக. வீடு நெறைய ஆளுக. நல்ல காரியம் நடக்குற எடத்துல நீங்க போயி நின்னா..."

"நல்ல காரியம் நடக்கட்டும். நான் ஒரு ஓரமா நிக்கிறேன்" என்றாள் இன்னாசியம்மாள். "அந்தப் பெட்டியத் தொறக்குற வரைக்கும் நிக்கிறேன்."

சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.